அடுத்தவர் தகவல் நம் கையில்

மதுரை அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் நடக்கிற தூரம். மனு கொடுக்க வருகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்பதால் அன்றைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி ஆட்கள் மஞ்சப்பையோடு நிற்பார்கள். ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பட்டா, பாஸ்புக் முதல் பக்கம், மாற்றுத்திறனாளி அட்டை, வாரிசுச் சான்று, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் என் மெஷின் கண்ணாடி மேல் வந்து படுக்கும்.

முன்பெல்லாம் காகிதத்தைக் கொடுப்பார்கள், நகல் எடுத்துக்கொண்டு இரண்டையும் வாங்கிப் போவார்கள். என் கையில் எதுவும் தங்காது. இப்போது பாதிப் பேர் காகிதமே கொண்டுவருவதில்லை. "தம்பி, எம் மக வாட்ஸ்அப்புல அனுப்பிருக்கா, எடுத்துக் குடுய்யா" என்று போனை நீட்டுகிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கடை நம்பருக்கு அனுப்பச் சொல்கிறோம். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே இருக்கும். ஃபைல் டவுன்லோடு ஆகும், பிரிண்ட் வரும், காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். காகிதம் போய்விட்டது, ஃபைல் போகவில்லை. கடை போனின் கேலரியில் ஒன்று, கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் ஒன்று, பேக்கப் போட்டிருந்தால் அதிலும் ஒன்று.

ஒருநாள் சாயங்காலம் அந்த டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து நிதானமாகப் பார்த்தால் தெரியும் இது என்ன விஷயம் என்று. ஒரே நம்பரிலிருந்து வந்த நாலு படங்கள்: ஆதார் முன்பக்கம், பின்பக்கம், வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் இருக்கும் ஸ்மார்ட் கார்டு, கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் இருக்கும் பாஸ்புக் பக்கம். அனுப்பிய போன் நம்பர் தனியாகத் தேட வேண்டாம், மேலேயே நிற்கிறது. ஒரு குடும்பத்தின் முகவரி, பிறந்த தேதிகள், எந்த பேங்க், எந்தக் கிளை, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மொத்தமும் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரனிடம் இருக்கிறது. கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு அது நினைவில்கூட இருக்காது.

எங்கள் கடையில் கடை சாத்தும் முன் போல்டரைக் காலி செய்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். போனில் படம் தானாகக் கேலரியில் சேர்வதை நிறுத்தி வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த உரையாடல்கள் 24 மணி நேரத்தில் தானே மறையும்படி வைத்திருக்கிறோம். கடைக்கு வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இதுதான், டோனர் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆன்லைன் பாதுகாப்பு என்று பேச்சு வந்தால் உடனே "உங்கள் பாஸ்வேர்டைக் காப்பாற்றுங்கள், உங்கள் ஓடிபியைச் சொல்லாதீர்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சரிதான், அதுவும் வேண்டும். ஆனால் நான் பார்த்த வரையில் நம் தகவல் அதிகமாக வெளியே போவது நம் கை வழியாக இல்லை. சொந்தக்காரர், சிநேகிதர், கடைக்காரர், பள்ளிக்கூடம், ஊர்ப் பெரியவர் கை வழியாக. அதேபோல இன்னும் பலருடைய தகவல் நம் கையில் கிடக்கிறது. அதை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இங்கே பேச வேண்டியது அதைத்தான்.

ஆதாரையே எடுத்துக்கொள்வோம். நகல் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அரசு வேலைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் லாட்ஜில் ரூம் போட, கூரியர் அனுப்ப, வாடகை வீடு பார்க்க எல்லாவற்றுக்கும் முழு எண்ணோடு நகலைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று கிடைக்கிறது. முதல் 8 இலக்கம் மறைந்திருக்கும், கடைசி 4 மட்டும் தெரியும். நீங்கள் யார் என்று காட்ட அது போதும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் "ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜனங்கள் பதறிப்போனதும் இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான எச்சரிக்கையோடு பயன்படுத்தினால் போதும் என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் முதலில் சொன்னதைத்தான் எல்லா இ-சேவை மையத்து வாசலிலும் எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

முழு நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், நகலின் குறுக்கே எதற்காக, யாருக்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் ஏறி இருக்க வேண்டும். அந்த நகலை வேறொரு சிம் வாங்கவோ கடன் விண்ணப்பத்துக்கோ திருப்புவது கஷ்டமாகும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை இருக்கலாம் என்பது விதி. தெரியாத நம்பர் ஏதாவது பட்டியலில் இருந்தால் அங்கேயே "இது என்னுடையதில்லை" என்று புகார் கொடுக்கலாம். கடைக்கு வரும் வயசானவர்களுக்கு மனு டைப் அடிக்கிற நேரத்தில் இதையும் பார்த்துக் கொடுக்கிறேன். ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் வரும், அவர்கள் கையாலேயே போடச் சொல்வேன்.

நகல் சரியாக விழாத தாள்கள் இருக்கிறதே, அதுதான் யாரும் நினைத்தே பார்க்காத இடம். ஒரு பக்கம் கறுத்துப்போனது, கோணலாக விழுந்தது, இரண்டு பிரதி அதிகமாக வந்தது. பல கடைகளில் இது மேசைக்குக் கீழே கட்டாகச் சேர்ந்து, பழைய பேப்பர் கடைக்குப் போய், கடைசியில் வடை மடிக்கிற தாளாக வருகிறது. டீக்கடையில் பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு பெண்ணின் முகமும் அவள் வீட்டு முகவரியும் இருக்கும். தாளை நாலாகக் கிழித்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஜெராக்ஸ் எடுக்கிற எல்லோரும் கெட்டுப்போன பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கைரேகையும் அப்படித்தான். ஆதாரோடு இணைந்த பேங்க் கணக்கிலிருந்து கைரேகை வைத்தே பணம் எடுக்கிற வசதி கிராமத்து ஆட்களுக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, பெரிய உதவி. ஆனால் வெளி மாநிலங்களில் போலீஸ் பிடித்த சில வழக்குகளில் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்து, போலி ரேகை செய்து, கணக்கைத் துடைத்திருக்கிறார்கள். அதில் ஓடிபி கிடையாது. நீங்கள் எதையும் யாருக்கும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ரேகையைப் பயன்படுத்தாத நாட்களில் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஊரில் அப்பா அம்மாவுக்குக் கணக்கு இருந்தால் இந்த வாரம் போகும்போது இதைச் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனி வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. எங்கள் பக்கம் செய்முறை என்றால் சும்மா இல்லை. யார் யாருக்கு எவ்வளவு செய்தார், திருப்பி எவ்வளவு வந்தது என்பது தலைமுறைக் கணக்கு. முன்பு மண்டபத்து வாசலில் ஒருவர் மொய் நோட்டோடும் இன்னொருவர் பணப்பையோடும் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது லேப்டாப்போடு ஒரு தம்பி, பக்கத்தில் சின்ன பிரிண்டர். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை, செல் நம்பர் என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார். என்டர் தட்டியதும் ரசீது வருகிறது. கூட்டம் தேங்குவதில்லை, கையெழுத்துப் புரியாமல் சண்டை வருவதில்லை. ராத்திரியே மொத்தக் கணக்கும் ஊர் வாரியாகப் பிரித்து அச்சாகி வந்துவிடும். நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை.

பந்தி முடிந்து கூட்டம் குறைந்த நேரத்தில் அந்தத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "ஏந்தம்பி, இந்தக் கணக்கு உங்ககிட்டயும் இருக்குமா?"

"இருக்கும்ணே. பேக்கப்பு. பென் டிரைவ் தொலஞ்சு போச்சுன்னு ரெண்டு வருசம் கழிச்சுக்கூட வந்து கேப்பாங்க."

"வேற வீட்டுக் கணக்கெல்லாம்?"

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். தேதியும் மண்டபத்துப் பெயருமாக போல்டர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான பெயர்கள், ஊர்கள், நம்பர்கள், யார் எவ்வளவு வசதி என்று சொல்லாமல் சொல்லும் தொகைகள். லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு இல்லை. அந்தத் தம்பி நல்ல பையன், உழைத்துச் சாப்பிடுகிற பையன். அவர் மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால்? சர்வீசுக்குக் கொடுத்த இடத்தில் ஒருவர் காப்பி எடுத்துக்கொண்டால்? "சித்தப்பா நான் உங்க பங்காளி மகன் பேசுறேன், ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று போன் வந்தால் அதை நம்ப வைக்க என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ அதெல்லாம் அதில் இருக்கிறது.

பழைய மொய் நோட்டிலும் இதே விவரம்தானே இருந்தது என்று சித்தப்பா கேட்டார். இருந்தது. ஆனால் அது அவர் பீரோவில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் வீட்டுக்கு வர வேண்டும், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஊருக்குள் நம் விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் நம்மைப் பற்றித் தெரிந்தவனை நமக்கும் தெரியும். அவன் ஒன்று பேசினால் நாளைக்கு அவன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இப்போது நம்மைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பவன் யார் என்பதே நமக்குத் தெரியாது. எனக்குப் பயம் அங்கேதான்.

அன்றைக்குப் பென் டிரைவில் கணக்கை வாங்கி, சித்தப்பா மகன் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி போட்டுவிட்டு, அந்தத் தம்பியை எங்கள் போல்டரை எங்கள் முன்னாலேயே அழிக்கச் சொன்னோம். யோசிக்காமல் அழித்தார். லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டும் போட்டுக்கொண்டார். செல் நம்பர் கட்டம் எதற்கு என்று கேட்டதற்கு, "நன்றி மெசேஜ் போகும்ணே" என்றார். நன்றியைச் சித்தப்பாவே நேரில் சொல்லிக்கொள்வார். அடுத்த விசேஷத்தில் அந்தக் கட்டம் வேண்டாம் என்று குடும்பத்தில் பேசி வைத்திருக்கிறோம்.

மண்டபத்து வாசலில் நின்ற பிளக்ஸ் பற்றியும் பேச வேண்டும். மதுரையில் விசேஷம் என்றால் பிளக்ஸ் இல்லாமல் நடக்காது. மாப்பிள்ளை பெண் படம் போடுங்கள், தாய்மாமன் படம் போடுங்கள், தலைவர்கள் படம் வரிசையாகப் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் மனசு தாங்காதது ஒன்றுதான்: பெண்பிள்ளை வயசுக்கு வந்த விசேஷத்துக்கு அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, பெயர், படிக்கிற வகுப்பு, பள்ளிக்கூடம், அப்பாவின் செல் நம்பர் எல்லாம் எழுதி நாலுமுக்கு ரோட்டில் நிறுத்துவது. முன்பு அந்த பிளக்ஸ் ஒரு வாரத்தில் வெயிலில் வெளுத்து, கிழிந்து, யார் வீட்டுக் கூரைக்காவது போய்விடும். இப்போது டிசைன் செய்த ஜேபெக் ஃபைல் முதலில் அப்பாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும், அங்கிருந்து மாமன்மார் ஸ்டேட்டஸுக்கும், அப்புறம் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயசுக் குழந்தையின் உடம்பைப் பற்றிய ஒரு செய்தி, அவள் முகத்தோடும் பெயரோடும், அழிக்க முடியாத இடத்தில் போய் உட்காருகிறது. அவளிடம் யாராவது கேட்டார்களா?

பிளக்ஸ் டிசைன் வேலை எங்கள் கடைக்கும் வரும். இப்படி ஆர்டர் வந்தால் நான் பேசிப் பார்ப்பேன். "படம் வேணாம்ண்ணே, அம்மன் படம் போட்டு, தாய்மாமன் பேரை பெருசாப் போட்ருவோம், இன்னும் கெத்தா இருக்கும்" என்பேன். பள்ளிக்கூடத்துப் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். பலர் ஒத்துக்கொள்கிறார்கள். "எம் பிள்ள படத்த நான் போடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் என்பது அரசியலமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பின்னால் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் செய்ய வேண்டிய முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைத் தொட வேண்டும் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக ஒரு தனிநபர் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படி விலக்கு இல்லாமல் சட்டம் எழுத முடியாதுதான். பேத்தி படத்தை போனில் வைத்திருக்கும் அப்பத்தா மேல் வழக்குப் போட முடியுமா? ஆனால் அதனால் வருவது என்ன? அப்பாவின் ஸ்டேட்டஸுக்கும், மாமனின் ஃபார்வர்டுக்கும், சொந்தக்காரர் குரூப்புக்கும் இந்தச் சட்டம் வந்து நிற்காது. அந்த இடத்தை நம் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். நாம் பார்த்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"ஒளிக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் கடைக்கு வரும் மனுக்களைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. புருஷன் அடிக்கிறான், நான் அம்மா வீட்டில் இருக்கிறேன், பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு பெண் மனு எழுதச் சொல்கிறார். அம்மா வீட்டு முகவரியும் செல் நம்பரும் மனுவில் வந்தாக வேண்டும். உதவி செய்கிறேன் என்று கூட வந்தவர் மனுவைப் படம் எடுத்துத் தன் குரூப்பில் போட்டார். நல்ல எண்ணம்தான். அன்று ராத்திரியே அந்தப் பெண்ணுக்கு முகம் தெரியாத ஆட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வந்து அழுதார். அவர் ஒளிக்க நினைத்தது தப்பான காரியம் எதையும் இல்லை, தான் ராத்திரி எங்கே படுத்துத் தூங்குகிறோம் என்பதை மட்டும்தான். பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தது இப்படிப்பட்டவர்களுக்காகவும்தான். மனுவைப் பகிர வேண்டும் என்றால் நம்பரையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் பகிருங்கள். போனிலேயே கறுப்புக் கோடு போடலாம். ஆனால் ஹைலைட்டர் மாதிரி ஒளி ஊடுருவுகிற கோடாக இல்லாமல் முழுக்க மறைக்கிற கோடாக இருக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்துத் தெரிகிற படங்கள் நிறையச் சுற்றுகின்றன.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், அவசரத்துக்கு ஒரு கடன் செயலியில் சின்னத் தொகை வாங்கினான். செயலியை ஏற்றும்போது காண்டாக்ட்ஸ் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்தான். தவணை நாலு நாள் தள்ளிப்போனது. அவன் அக்காவுக்கு, மதினிக்கு, முதலாளிக்கு, பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு என்று எல்லோருக்கும் அவன் முகத்தை ஒட்டிய அசிங்கமான படம் போனது. அவன் பட்ட அவமானத்தை எழுத எனக்கு மனசில்லை. இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த மதினி எந்தச் செயலியையும் ஏற்றவில்லை, யாரிடமும் கடன் கேட்கவில்லை, எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை. அவர் நம்பர் கொழுந்தன் போனில் இருந்தது, அவ்வளவுதான். அவன் விரல் ஒரு பொத்தானைத் தொட்டதில் அவர் நம்பரும் போய்விட்டது.

காண்டாக்ட்ஸ் என்பது நம் சொத்து இல்லை. நம்மை நம்பி நம்பர் கொடுத்தவர்களின் பட்டியல் அது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலில், கடன் செயலிகள் போனில் உள்ள ஃபைல்கள், காண்டாக்ட்ஸ், அழைப்பு விவரம் இவற்றைத் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் சேர்க்கைக்காக கேமரா, மைக், இருப்பிடம் இவற்றுக்கு ஒருமுறை மட்டும், அதுவும் சம்மதத்தோடு, அனுமதி கேட்கலாம். அப்படியென்றால் காண்டாக்ட்ஸ் கேட்கிற கடன் செயலி கேட்கும்போதே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி, பர்மிஷன் மேனேஜர் என்று போய், காண்டாக்ட்ஸ் பார்க்கும் அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட்டும், ராசிபலனும், விளையாட்டும் அங்கே இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். உங்கள் சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துச் செய்கிற உதவி அது.

அந்தப் பையனுக்கு நாங்கள் சொன்னது: நம்பரை மாற்றாதே, மெசேஜ்களை அழிக்காதே, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு, 1930க்கு அடி. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் போன புகார் என்றால் எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். அந்தரங்கப் படம், திரித்த படம் பரவும் என்று பயம் இருந்தால் ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. படத்திலிருந்து ஓர் அடையாளக் குறியை உங்கள் போனிலேயே உருவாக்கி அதை மட்டும் அனுப்பும், சேர்ந்துள்ள தளங்கள் அதே படம் வந்தால் கண்டுபிடித்துத் தடுக்கும். அது 18 வயது நிரம்பியவர்களுக்கு.

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும், முகூர்த்த மாதங்களில் இது அதிகம். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்றால் அது பத்திரிகை இல்லை, செயலி. அதைத் திறந்து நிறுவிவிட்டால் வரும் எஸ்எம்எஸ்களைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி நேராக அங்கே போகும். பிறகு உங்கள் போனிலிருந்தே உங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் அதே பத்திரிகை போகும். தெரிந்த ஆள் நம்பரிலிருந்து வருவதால்தான் எல்லோரும் திறக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான 6 இலக்க பின் போட்டுவையுங்கள். நம் கணக்கு திருட்டுப்போனால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை, நம்மை நம்பித் திறக்கிற மாமாவுக்கும் சித்திக்கும்தான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்தில் நனைந்து நிற்கும் பெண்களை ரீல்ஸ் எடுக்கிறார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் அவர்கள். கேமராவை அழகர் பக்கம் திருப்பினால் போதாதா? மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 2018 முதல் செல்போன் கிடையாது. தடை வந்தது வேறு காரணத்துக்காக என்றாலும், உள்ளே நிம்மதியாகக் கண்மூடி நிற்க முடிகிறது, யாரும் நம்மைப் படம் எடுக்கவில்லை என்று என் அம்மா சொல்வார். வெளியிலும் அந்த நிம்மதி கிடைக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

கடைகளில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள். 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை, நம்பர் தராமல் பில் கிடையாது என்று வற்புறுத்தக் கூடாது என வணிகர் அமைப்புகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாங்க, பில் மட்டும் போடுங்க" என்றால் போடுவார்கள். பில் போடுகிற பெண் மேல் கோபப்படாதீர்கள், கேட்கச் சொன்னது முதலாளி.

இப்போது என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது தம்பி மகள் படிக்கிற பள்ளிக்கூடம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மொத்தப் பிள்ளைகளின் பட்டியலை எக்செல் ஷீட்டாகப் போட்டு "சரிபார்க்கவும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், ரத்த வகை, சாதி, அப்பா அம்மா போன் நம்பர், வீட்டு முகவரி. ஒவ்வொரு பெற்றோர் போனிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரம். டீச்சருக்கு இதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. மேலே இருந்து வந்த கெடுவுக்குள் ஷீட்டைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும், அவருக்கும் ஆயிரம் வேலை. தம்பி மனைவி டீச்சரிடம் தனியாகப் பேசினார். குரூப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பாதிப் பேர் டவுன்லோடு செய்திருப்பார்கள்.

மற்ற பெற்றோருக்கு நானே ஒரு மெசேஜ் எழுதிக் கொடுத்தேன், தம்பி மனைவி குரூப்பில் போட்டார்: "ஷீட்டை டவுன்லோடு செய்தவர்கள் தயவுசெய்து போனிலிருந்து அழித்துவிடுங்கள், அதில் நம் எல்லோருடைய பிள்ளைகளின் விவரமும் இருக்கிறது." சிலர் அழித்துவிட்டதாகப் பதில் போட்டார்கள், சிலர் கும்பிடுகிற கை பொம்மை போட்டார்கள், ஒருவர் "எப்படி அழிக்கிறது, சொல்லுங்க" என்று கேட்டார். அவருக்குப் படிப்படியாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தம்பி மனைவியோடு நானும் போகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் தனித் துண்டுச் சீட்டாக அச்சடித்துக் கொடுத்து, சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லப் போகிறேன். ஒரு வகுப்புக்குச் சீட்டு அடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அச்சுக்கூலி வேண்டாம், எங்கள் கடையில் அடித்துத் தருகிறேன். ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுவந்து, கூடவே ஓர் ஆசிரியர் நின்று, முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகட்டும்.